பம்பை மாற்றியும் ஸ்டீயரிங் இறுகுகிறது

ஜனவரி 9, காலை (வாசகர் கேள்வி)

செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி ஒன்று வாங்கி மூன்று மாதம் ஆகிறது. நேராக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மெதுவாகத் திருப்பும்போது மட்டும் சில நேரம் ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகிவிடுகிறது. வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் இறுகும். பவர் ஸ்டீயரிங் பம்ப் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

ஜனவரி 9, இரவு

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நான் மாற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையதும் பழைய எஸ்யூவிதான். ஒன்பது வருட வண்டி, நான் மூன்றாவது ஓனர், வாங்கும்போது 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. திருப்பும்போது ஒரு முனகல், அப்புறம் இறுக்கம். பம்ப்தான் என்றார்கள். நவம்பர் கடைசியில் புதுப் பம்ப் போட்டேன். மூன்று வாரம் நன்றாக இருந்தது. இப்போது அதே முனகல், அதே இறுக்கம். புதுப் பம்பும் போய்விட்டதா, இல்லை முதலிலிருந்தே குறை வேறு எங்கோ இருந்ததா என்று தெரியாமல் நிற்கிறேன்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி உறுத்துகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிறது என்கிறீர்களே, தேய்ந்துபோன ஆயில் பம்ப் அப்படி நடந்துகொள்ளாது. பானட்டைத் திறந்து, ஸ்டீயரிங் படம் போட்ட மூடியோடு சின்ன ஆயில் டப்பா ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி.

ஜனவரி 10

டப்பா ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பவர் ஸ்டீயரிங் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. பழைய முறையில் இன்ஜின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றும். பம்ப் ஆயிலை அழுத்தி, முன்சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டான ரேக்குக்கு அனுப்பும். ரேக்கின் வாயிலில் ஒரு வால்வு. நாம் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கத்துக்கு ஆயிலைத் திறந்துவிடும். அந்த வால்வுக்குள் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. கையின் விசையில் அது சற்று முறுகினால்தான் வால்வே திறக்கும். புது முறையில் ஆயில் கிடையாது. ஸ்டீயரிங் தண்டிலோ ரேக்கிலோ ஒரு மின்மோட்டார் இருக்கும். கை எவ்வளவு முறுக்குகிறது என்பதை ஒரு சென்சார் அளந்து சொல்ல, மோட்டார் அதற்கேற்பத் தள்ளும்.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வகையும் உண்டு: ஆயில் இருக்கும், ரேக்கும் ஆயில் ரேக்தான், ஆனால் பம்பைச் சுற்றுவது பெல்ட் அல்ல, மின்மோட்டார். அதனால் டப்பாவைப் பார்த்தால் மட்டும் போதாது, பம்பில் பெல்ட் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

ஜனவரி 12

என் வண்டியில் நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

டிசம்பரில் ஒரு மாலை. என் மனைவி ஓட்டினார், நான் பக்கத்தில். நீளமான வளைவு, வேகம் நாற்பது இருக்கும். பாதி வளைவில் "பிடிக்குது, பிடிக்குது" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் அவர் இரண்டு தோளையும் முன்னால் தள்ளி ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தேன். வண்டி வளைவின் வெளி ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நொடிக்குள் விட்டுவிட்டது. விட்டதும் அவர் போட்ட பலம் முழுவதும் ஒரே அடியாக இறங்கி வண்டி உள்பக்கம் வெட்டியது. எதிரே யாரும் வரவில்லை. ஓரமாக நிறுத்தி இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. எப்போதும் கனமாக இருக்கும் ஸ்டீயரிங்கைவிட, இருந்தாற்போல் இறுகி இருந்தாற்போல் விடும் ஸ்டீயரிங் பல மடங்கு ஆபத்து. கனமாகவே இருந்தால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். இது பழக விடாது. "எப்போதாவது தானே வருகிறது" என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஜனவரி 13

திருத்தம். பம்ப் மாற்றி மூன்று வாரம் நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தேன். மனைவி படித்துவிட்டு, இல்லை, ஐந்தாம் நாளே காலையில் முனகியது, உங்களிடம் சொன்னேன், புதுசு கொஞ்சம் சத்தம் போடும் என்றீர்கள் என்கிறார். அவர் சொல்வது சரி. இது சின்ன விஷயம் அல்ல. மூன்று வாரத்தில் கெட்டால் பம்பைச் சந்தேகிக்கலாம். ஐந்து நாளில் அதே சத்தம் என்றால், சத்தத்தின் காரணம் பம்புக்கு வெளியே இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றும் சொன்னார்: முனகலும் இறுக்கமும் எப்போதும் சேர்ந்து வருவதில்லையாம். இதை நான் இதுவரை கவனிக்கவில்லை.

ஜனவரி 18

கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பம்பைத் தொடவே இல்லை. இன்ஜின் ஓடும்போது ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். ஆயில் நுரைத்திருந்தது. குமிழி குமிழியாக, பொங்குகிற மாதிரி. இன்ஜினை அணைத்ததும் மட்டம் கொஞ்சம் மாறியது. "இது காத்து" என்றார். பிறகு டப்பாவையே கழற்றி, ஆயிலைக் கொட்டி, உள்ளே விரலை விட்டுக் காட்டினார்.

டப்பாவின் அடியில் ஒரு சல்லடை இருக்கிறது. இத்தனை வருடம் வண்டி வைத்திருக்கிறேன், அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. ஆயில் அதன் வழியாகத்தான் பம்புக்கு இறங்குகிறது. பாதிக்கு மேல் கறுப்பு மண்டி அடைத்திருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், மை மாதிரி ஒட்டியது, நடுவில் சின்னச் சின்ன ரப்பர் துணுக்குகள். பழைய ஹோஸின் உள்சுவர் உரிந்து வந்தது என்றார். அவ்வளவும் பம்ப் மாற்றியபோதே உள்ளே இருந்திருக்க வேண்டும். ஐந்து நாளில் அத்தனை மண்டி சேர வழியில்லை.

அப்படியென்றால் நடந்தது இதுதான். பம்ப் ஆயிலை இழுக்கிறது, சல்லடை விடவில்லை, இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து ஆயிலிலேயே குமிழிகள் உண்டாகின்றன, அவை பம்புக்குள் போய் நசுங்கும்போதுதான் அந்த முனகல். குளிரில் ஆயில் தடித்திருப்பதால் காலையில் அதிகம். ஆயிலை அழுத்தினால் விசை அப்படியே போய்ச் சேரும், காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். முழுசாகத் திருப்பிப் பிடிக்கும்போது இந்தப் பம்புகள் 100 பார், அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு, அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். நுரையை வைத்துக்கொண்டு அது எப்படி முடியும்?

பழைய பம்பும் இந்த அடைப்போடுதான் போராடியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, அதே அழுக்கில் புதுசைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். இதை நினைத்தால் மனது கஷ்டமாக இருக்கிறது.

ஜனவரி 19

ஆயில் நிறம் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். பல வண்டிகளில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குப் போடும் சிவப்பு ஏடிஎஃப் ஆயிலே ஸ்டீயரிங்குக்கும் போகும். சிலவற்றில் பச்சை நிறச் செயற்கை ஆயில். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. சீல், ஹோஸ் இவற்றின் ரப்பர் எந்த ஆயிலுக்கு என்று செய்யப்பட்டதோ அதைத்தான் தாங்கும். மூடியிலோ கையேட்டிலோ எது என்று எழுதியிருக்கும், அதை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயிலைத் தவறி ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுவிடும். அப்படி நடந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் முழுவதையும் இறக்கிவிட வேண்டும்.

என் டப்பாவில் இருந்தது சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, அழுக்குப் பழுப்பு. முன்பு வைத்திருந்தவர்களில் யாரோ ஒருவர் கிடைத்ததை ஊற்றி நிரப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஹோஸ் உரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 26

டப்பா புதுசு, திரும்பி வரும் ஹோஸ் புதுசு, இழுக்கும் ஹோஸும் கிளாம்பும் புதுசு. பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றியாயிற்று.

வெளியேற்றிய விதத்தை எழுதுகிறேன், இதில் பலர் அவசரப்படுகிறார்கள். மெக்கானிக் முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பவில்லை. திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, இன்ஜினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பச் சொன்னார். நான் திருப்ப, அவர் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தார். பாட்டிலில் விழுவது தெளியும்வரை இதே வேலை. பிறகு ஹோஸை மாட்டி, இன்ஜின் ஓடாமலே இன்னும் இருபது முறை திருப்பினோம், காற்று வெளியேற. மட்டம் இறங்க இறங்க ஊற்றினார். கடைசியாகத்தான் ஸ்டார்ட். முதலிலேயே ஸ்டார்ட் செய்தால் பம்ப் காற்றையும் ஆயிலையும் சேர்த்து அடித்து நுரையாக்கிவிடும், அப்புறம் அது அடங்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்.

முனகல் இல்லை. சுத்தமாக இல்லை. இரண்டு விரலால் திருப்ப முடிகிறது. வாங்கிய நாளில்கூட இவ்வளவு லேசாக இருந்ததில்லை. இந்தத் தொடரை முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 2

முடியவில்லை. மறுபடி இறுகியது.

இந்த முறை சத்தமே இல்லை. ஆயில் தெளிவாக இருக்கிறது, நுரை இல்லை, மட்டம் சரி, பெல்ட் இறுக்கம் சரி. ஆனாலும் நேற்று நிறுத்தும் இடத்திலிருந்து வண்டியை எடுக்கும்போது ஸ்டீயரிங் ஓர் இடத்தில் பிடித்து, கொஞ்சம் பலம் போட்டதும் விட்டது.

ஜனவரி 13-ல் எழுதிய கடைசி வரி நினைவுக்கு வந்தது. முனகலும் இறுக்கமும் சேர்ந்து வருவதில்லை என்று மனைவி சொன்னாரே. அதை அன்றே தொடர்ந்து போயிருக்க வேண்டும்.

பிப்ரவரி 4

மனைவிதான் வழி காட்டினார். ஸ்டீயரிங் சக்கரத்தின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டினார். நின்ற இடத்தில், இன்ஜின் ஓட, மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பினார். எங்கெங்கே கை பிடிக்கிறதோ அங்கெல்லாம் டேப் நிற்கும் இடத்தைச் சொல்லச் சொல்ல நான் குறித்தேன். மூன்று முறை செய்தோம். ஒவ்வொரு முறையும் அதே இடங்கள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே சரியாக அரைச் சுற்று.

பம்பிலோ ஆயிலிலோ குறை இருந்தால் இப்படி அரைச் சுற்றுக்கு ஒரு முறை வராது. இது சுற்றுகிற ஏதோ ஒரு பாகம். மெக்கானிக்கிடம் தாளைக் காட்டியதும் உடனே "கிராஸ்" என்றார். ஸ்டீயரிங் தண்டு நேர்கோட்டில் ரேக்குக்குப் போவதில்லை, நடுவில் மடங்கிப் போகிறது. மடங்கும் இடத்தில் கிராஸ் ஜாயின்ட் இருக்கும். அதில் ஒரு பக்கத்து பேரிங் துருப்பிடித்து இறுகினால், ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் பிடிக்கும். முன்சக்கரங்களைத் தூக்கிவைத்து, இன்ஜினை அணைத்துத் திருப்பியபோதும் அதே இடங்களில் பிடித்தது. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன்: கீழ் ஜாயின்ட்டின் ஒரு மூடி செம்மண் நிறத்தில் இருந்தது. நீரும் சேறும் தெறிக்கிற இடம்.

இதில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம், பல மெக்கானிக்குகள்கூடக் கவனிக்காதது. கையின் முறுக்கை உணரும் வால்வு ரேக்கின் வாயிலில் இருக்கிறது என்று ஜனவரி 10-ஆம் தேதி எழுதினேன். கிராஸ் ஜாயின்ட் அந்த வால்வுக்கு மேலே, கைக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே பிடித்தால் அந்த முறுக்கு வால்வுக்குப் போய்ச் சேரவே சேராது. பம்ப் எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்த இறுக்கத்தைக் கை மட்டும்தான் சுமக்க வேண்டும். வால்வுக்குக் கீழே இருக்கும் பாகங்கள், அதாவது பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பரின் மேல் பேரிங், இவை இறுகினால் கதை வேறு. பம்ப் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், திருப்புவது அவ்வளவு கனமாகத் தெரியாது. ஆனால் வளைவு முடிந்து கையை விட்டால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. ஆக, திருப்பும்போது சிக்கலா, திரும்பி வரும்போது சிக்கலா என்று பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

பிப்ரவரி 5

"அப்படியானால் ஆயில் டப்பா செலவு வீண்தானே" என்று கேட்டவருக்கு: இல்லை. இரண்டு குறைகள் ஒன்றாக இருந்தன. முனகலும் காலை நேரக் கனமும் சல்லடையால். வளைவில் பிடித்து விட்டது ஜாயின்ட்டால். ஒன்றைத் தீர்த்ததால்தான் மற்றது தனியாகத் தெரிந்தது. ஆனால் டிசம்பரில் அந்த வளைவில் நடந்ததை நான் பம்பின் கணக்கில் எழுதியிருந்தேன், அது தவறு. நுரைத்த ஆயில் ஸ்டீயரிங்கைக் கனமாக்கும், ஒரு நொடி பிடித்து அடுத்த நொடி படக்கென்று விடாது.

நடுத் தண்டை ஜாயின்ட்டோடு முழுசாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். துருவில் எண்ணெய் விட்டு ஆட்டினால் கொஞ்ச நாள் ஓடும் என்றார் ஒருவர். சக்கரத்தையும் கையையும் இணைக்கும் பாகத்தில் கொஞ்ச நாள் என்பதை என்னால் ஏற்க முடியாது. கழற்றும்போது ஸ்டீயரிங் சக்கரத்தை அசையாமல் கட்டிவைக்கச் சொல்லுங்கள். அது தன்பாட்டுக்குச் சுற்றினால் ஹார்ன், ஏர்பேக் ஒயர் போகும் சுருள் அறுந்துபோகும்.

பிப்ரவரி 9

முதல் கேள்வி கேட்ட நண்பர் படம் அனுப்பியிருக்கிறார். ஆயில் டப்பா இல்லை, பம்ப் இல்லை. அவருடையது முழு மின்சார ஸ்டீயரிங். இல்லாத பம்பை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

நண்பரே, இப்போது உங்கள் வரி பொருந்துகிறது. மின்சார ஸ்டீயரிங்கின் கணினி ஏதாவது ஒரு குறையைக் கண்டால் உதவியை நிறுத்திவிட்டு, பெரும்பாலும் சாவியை அணைத்துப் போடும்வரை அப்படியே இருக்கும். போட்டதும் புதிதாகச் சோதிக்கும். அந்த நேரத்தில் குறை இல்லையென்றால் வேலை செய்யும். அதனால்தான் அணைத்துப் போட்டால் சரியாகிறது. சரியானது ஸ்டீயரிங் அல்ல, சோதனை மட்டும்தான்.

மெதுவாகத் திருப்பும்போதுதான் வருகிறது என்றீர்கள். அதற்கும் காரணம் உண்டு. வண்டி நிற்கும்போது டயரைத் தரையில் தேய்த்துத் திருப்ப வேண்டும், எஸ்யூவியின் முன்பாரத்துக்கும் அகல டயருக்கும் மோட்டார் 50 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். அந்த நொடியில் பேட்டரி சோர்ந்திருந்தாலோ, எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலோ வோல்டேஜ் சரிந்து கணினி கையை விரித்துவிடும். ரேக்கையோ மோட்டாரையோ மாற்றும் முன் இதைப் பாருங்கள்: வண்டி ஓய்வில் இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் சுமார். அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பாடியிலும் வைத்து, ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கூடவே ஸ்கேனர் போட்டு ஸ்டீயரிங் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். இன்ஜினின் குறியீடுகளை மட்டும் படிக்கிற சின்ன ஸ்கேனர் போதாது.

பிப்ரவரி 10

மின்சார ஸ்டீயரிங்கையே திட்டிப் பலர் எழுதுகிறீர்கள், ஆயில்தான் நம்பகமானது என்று. நான் அப்படி நினைக்கவில்லை. பயணிகள் காரில் ஆயில் பவர் ஸ்டீயரிங் 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்தது; மின்சார முறை 1988-ல் சுசுகி செர்வோவில். முன்னதற்கு ஹோஸ், சீல், பெல்ட், கசிவு. பின்னதற்கு ஒயர், சென்சார், ஈரம். கெடும் விதம்தான் வேறு.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்மை. ஆயில் முறை பெரும்பாலும் முனகி, கசிந்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கெடும். மின்சார முறை சொல்லாமல் நிற்கலாம். 2014-ல் ஃபோர்டு நிறுவனம் 2008 முதல் 2011 வரையிலான எஸ்கேப், 2011 முதல் 2013 வரையிலான எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான்: முன்னதில் முறுக்குச் சென்சார் சிக்கல், பின்னதில் ஸ்டீயரிங் கியரின் மின் இணைப்பு. ஓடும்போதே உதவி நின்றுபோக வாய்ப்பு இருந்தது. பழைய வண்டி வாங்குபவர்கள் அந்த மாடலுக்கு இப்படி ஏதாவது அழைப்பு இருந்ததா, இந்த வண்டிக்கு அந்த வேலை செய்யப்பட்டதா என்று சேஸிஸ் எண்ணை வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 15

தண்டு மாற்றியாயிற்று. டேப் சோதனையைத் திரும்பச் செய்தோம், ஓர் இடத்திலும் பிடிக்கவில்லை.

இன்று எழுத வந்தது வேறு. டிசம்பர் சம்பவத்துக்குப் பிறகு, ஓடும்போது பவர் ஸ்டீயரிங் போனால் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் பேசினோம். காலியான பெரிய மைதானத்தில், மிக மெதுவாக ஓடவிட்டு, இன்ஜினை அணைத்துப் பார்த்தோம். அணைக்கும்போது சாவியை ஒரே ஒரு படிதான் பின்னால் திருப்பினோம். முழுக்கத் திருப்பி உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. ஓடும்போது இன்ஜின் தானாக நின்றாலும் இதேதான், சாவியைத் தொட வேண்டாம்.

அந்தக் கனத்தைக் கை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது. ஸ்டீயரிங் திரும்பும், திரும்பாமல் போகாது. இரண்டு கையும் வேண்டும், முன்கூட்டியே திருப்பத் தொடங்க வேண்டும். வேகத்தில் இருக்கும்போது அவ்வளவு கனம் இல்லை. வேகம் குறையக் குறையத்தான் கூடுகிறது. நாங்கள் எல்லோருமே தலைகீழாக எதிர்பார்த்திருந்தோம். நிறுத்துவதற்காக ஓரம் கட்டும் கடைசி சில மீட்டரில்தான் முழுப் பலமும் தேவைப்பட்டது. இன்ஜினும் நின்றிருந்தால் பிரேக்குக்கு ஓரிரு மிதி அளவுக்குத்தான் உதவி மிஞ்சியிருக்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதிக்க வேண்டும்.

ஸ்டீயரிங் கனமாவதோடு பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கும். பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. வீடு வரை போய்விடலாம் என்று ஓட்டினால் இன்ஜின் சூடேறி ஹெட் போய்விடும்.

பிப்ரவரி 23

வாங்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவருக்கு.

நான் டெஸ்ட் டிரைவ் போனபோது வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தது. பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்று வாங்கப் போனால் முன்தினமே சொல்லிவிடுவேன்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆறிய வண்டியில்தான் பம்ப் உண்மையைப் பேசும். கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, நின்ற இடத்தில் கோடியிலிருந்து கோடிக்கு மெதுவாகத் திருப்பிக் கேட்பேன். கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்க மாட்டேன், ஆயில் சூடேறும். அங்கே லேசான சீறல் வருவது சாதாரணம், அழுத்தம் கூடினால் திறந்துவிடும் வால்வின் சத்தம் அது. முனகல் சாதாரணம் இல்லை. பெல்ட் கிறீச்சிட்டால் குறை பெல்ட்டில், அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில்.

டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளில் ஆயிலைத் தொட்டு வைத்துப் பார்ப்பேன். ரேக்கின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் உறையை அழுக்கிப் பார்ப்பேன். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது, அது பெரிய செலவு. மின்சார ரேக் என்றால் அதே உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நீர் உள்ளே போய் ரேக்கே துருப்பிடிக்கும். சாவியைப் போட்டதும் ஸ்டீயரிங் விளக்கு எரிந்து அணைகிறதா என்பதும் முக்கியம். எரியவே இல்லையென்றால் யாரோ அதை மறைத்திருக்கலாம்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று ஒன்று விற்கிறார்கள். அது சீலை ஊதவைத்துக் கொஞ்ச காலம் கசிவை மறைக்கும். விற்கிறவருக்குத்தான் அது வசதி.

மார்ச் 2

முதல் நண்பரிடமிருந்து செய்தி. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் முனை பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்ததாம். திருப்பும்போது மீட்டர் 1.1 வோல்ட் காட்டியிருக்கிறது. ஒயர் மாற்றி, முனையைத் தேய்த்துப் போட்டிருக்கிறார். பத்து நாளாக ஒரு முறைகூட இறுகவில்லை. பேட்டரியும் பழசு என்பதால் அதையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் பயந்து பயந்து ஓட்டியவர் எழுதிய கடிதத்தைப் படிக்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

மார்ச் 16

கழற்றிய பழைய பம்பை அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். மெக்கானிக்கிடம் கொடுத்து இன்று பிரித்துப் பார்த்தோம். உள்ளே சுற்றி ஆயிலைத் தள்ளும் இதழ்கள் ஒட்டாமல் நகர்கின்றன, தண்டில் ஆட்டம் இல்லை. வெளி வளையத்தில் மட்டும் நகத்தில் தட்டுகிற அளவுக்கு இரண்டு கோடுகள், அழுக்கு உராய்ந்தது. இன்னும் வருடக்கணக்கில் ஓடியிருக்கும் என்றார். புதுப் பம்ப் இரண்டு மாதம் நுரையோடு ஓடியிருக்கிறது. அதன் வளையம் எப்படி இருக்கும் என்று பிரிக்காமல் சொல்ல முடியாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நொடி மெல்லிய முனகல் வந்து நிற்கிறது. கவனித்துக்கொண்டிருக்கிறேன். பழைய பம்பைத் துடைத்து, புது சீல் போட்டுத் தயாராக வைத்திருக்கிறோம்.

ஆயிலை நேற்று மறுபடி மாற்றினேன். ஹோஸின் உள்ளே ஒட்டியிருந்த மிச்ச அழுக்கு வரும் என்று மெக்கானிக் சொன்னார், வந்தது, கொஞ்சம். தாளில் தொட்டு வைத்தால் இப்போது சிவப்பு.

டிசம்பரில் இறுகிய அந்த வளைவு வழியாக நேற்று மாலை போனோம். மனைவிதான் ஓட்டினார். டேப் இன்னும் ஸ்டீயரிங் உச்சியில் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்றேன். இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்றார்.